எலும்பு செட்டா, போனில் ஏ.ஆர். கேமா?

தர்மபுரி மெடிக்கல் ஹாஸ்டலில் முதலாண்டு ஜூனியர் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, எலும்பு செட் வாங்கியே ஆகணுமா? போன்லயே ஏ.ஆர். கேம் இருக்கே!” எலும்பு செட் என்பது உடற்கூறியல் படிக்க வைத்திருக்கும் எலும்புகளின் தொகுப்பு. ஏ.ஆர். (ஆக்மென்டட் ரியாலிட்டி) என்பது கேமரா காட்டும் நிஜக் காட்சியின் மேல் கணினி உருவத்தைப் பொருத்திக் காட்டுவது.

ஆசையாக உட்கார்ந்து படிக்க வைப்பதில் கேம்தான் முந்துகிறது. கேமரா வழியே பார்த்தால் மேசைமேல் மணிக்கட்டின் 8 சிறு எலும்புகள் கிடக்கும். நேரம் ஓட ஓட அதனதன் இடத்தில் பொருத்த வேண்டும். நாலைந்து ஆட்டத்தில் பெயரும் வரிசையும் மனதில் நின்றுவிடும். சரி, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அப்படியா கேட்பார்கள்? ஓர் எலும்பைக் கையில் கொடுத்து, “வலதா, இடதா?” என்பார்கள். தொடை எலும்பின் பின்பக்கம் லினியா ஆஸ்பெரா என்று சொரசொரப்பாக ஒரு மேடு ஓடும். பழகிய விரல் அதைத் தானே தேடிப் பிடித்து, பின்பக்கம் எது என்று சொல்லிவிடும். என் செட் பிளாஸ்டிக் வார்ப்புதான், இருந்தாலும் அந்த மேடு கைக்குத் தட்டுப்படும். போன் திரையில் எல்லாமே வழவழப்பு.

செட் தோற்கும் இடமும் உண்டு. மேற்கை எலும்பான ஹியூமரஸின் பின்புறம் சாய்வாக ஒரு பள்ளம். செட்டில் அது வெறும் பள்ளம். கேமில் அதை ஒட்டி ரேடியல் நரம்பு இறங்குவது தெரியும், போனோடு சுற்றி வந்தும் பார்க்கலாம். தொப்பூர் கணவாயில் பைக்கிலிருந்து விழுந்து, அந்த எலும்பு நடுவில் முறிந்து வருபவருக்கு அந்த நரம்பும் அடிபட்டு மணிக்கட்டு ஏன் தொங்கிவிடக்கூடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில் உடல் கெடாமலிருக்கப் பயன்படும் ஃபார்மலின் கண்ணை எரித்த எரிச்சலில் எது நரம்பு, எது ரத்தக்குழாய் என்றே பிடிபடவில்லை.

ஆனால் எல்லாப் போனிலும் ஏ.ஆர். ஓடாது. வெறும் வெள்ளை டைல்ஸ் தரையிலும் மங்கல் வெளிச்சத்திலும் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காமல் எலும்பு நழுவிக்கொண்டே போகும். பூப்போட்ட பெட்ஷீட்டை விரித்தால் நிற்கும், இது நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம்.

தலையில் மாட்டும் ஏ.ஆர். கண்ணாடியான ஹோலோலென்ஸ் 2 பற்றி அதிகம் பேச வேண்டாம். 3,500 டாலருக்கு வந்த சாதனம். 2024-ல் மைக்ரோசாஃப்ட் தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

என் செட்டையே அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் பட்டாணி அளவு மணிக்கட்டு எலும்பான பிசிஃபார்ம் மட்டும் இல்லை, எனக்குக் கொடுத்த சீனியர் காலத்திலேயே தொலைந்தது. அதையும் நரம்புகளையும் கேமில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.