அணையை இடிப்பதா, மீன் ஏணி கட்டுவதா?

கடலிலிருந்து முட்டையிட ஆறு ஏறும் மீனுக்கு இரண்டில் எது நல்லது? (மீன் ஏணி என்றால், மீன் அணையைத் தாண்டி மேலே போக அதன் ஓரம் கட்டும் படிப்படியான தண்ணீர்த் தொட்டிகள்.)

செலவு
ஏணி: கட்டுவது மலிவு, ஆனால் சேரும் குப்பையையும் மரக்கட்டையையும் அணை உள்ளவரை அள்ள வேண்டும்.
இடிப்பு: ஒரே தடவை, பெரிய தொகை. அமெரிக்காவின் எல்வா ஆற்றுத் திட்டத்துக்குச் சுமார் 32.5 கோடி டாலர்.

எந்த மீன் ஏறும்?
ஏணி: சால்மன் மீன் தாவி ஏறிவிடும். ஷாட் (shad) என்ற மீன் தடுமாறும், ஸ்டர்ஜன் (sturgeon) என்ற பெரிய மீன் பெரும்பாலும் ஏறாது.
இடிப்பு: எல்லாவற்றுக்கும் வழி. அமெரிக்காவின் கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் வேலை 2024-இல் முடிந்தது. அதே அக்டோபரில், நூறாண்டுக்கு மேல் போக முடியாதிருந்த ஓரிகன் மாநிலப் பகுதிக்குச் சால்மன் வந்து முட்டையிட்டது! படிக்கும்போதே மனசு நிறைகிறது.

முட்டையிடும் இடம்
பெண் சால்மன் வாலால் சரளைக்கல்லைத் தோண்டி முட்டையைப் புதைக்கும். அந்தச் சரளையை அணை மறித்துக்கொள்கிறது. கீழே பெருங்கற்கள்தான் மிச்சம். ஏணியால் இதைச் சரிசெய்யவே முடியாது. இடித்தால் முதலில் சேறு கலங்கும், அப்புறம் சரளையும் வந்து சேரும்.

குடிநீருக்கோ மின்சாரத்துக்கோ அணை தேவைப்பட்டால், அங்கே உள்ள மீன் தாவக்கூடியதா என்று பார்த்து ஏணி கட்டலாம். பயனற்றுப் பழசாகிப்போன அணை என்றால் தயங்காமல் இடிக்கலாம்.