லாஸ்பேட்டை ஓடுதளமும் க்யூ400 விமானமும்: அடிக்கடி பறந்த ஒருவனின் அனுபவம்

2024 மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஐதராபாத்திலிருந்து புதுச்சேரியின் விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் வந்து இறங்கினேன். க்யூ400 என்ற விசிறி விமானத்தில் நான் செய்த கடைசிப் பயணம் அது. அந்த மாதத்தோடு புதுச்சேரிக்கான சேவை நின்றுவிட்டது. 2017-இல் தொடங்கிய என் பயணக் கணக்கில், கொரோனாக் கால இடைவெளியைக் கழித்தால், நான்கரை ஆண்டுகள் இந்த விமானத்தில் போய்வந்திருக்கிறேன். ஆண்டுக்கு ஏழெட்டு முறையாவது இருக்கும். இனி இந்த வகை விமானம் எங்கள் ஊருக்குத் திரும்புமா என்பது தெரியாத நிலையில், பழகிய ஒருவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

எனக்குத் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அச்சுத் தொழில். மாத்திரை, மருந்துகளுக்கான அட்டைப்பெட்டிகள் அச்சிடுகிறோம். ஐதராபாத் மருந்து நிறுவனங்கள் எங்களுக்கு முக்கியமான வாடிக்கையாளர்கள். அக்கா குடும்பமும் செகந்திராபாத்தில் இருக்கிறது. விமானம் வருவதற்கு முன்னால், ஒரு மாதிரிப் பெட்டியின் நிறத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் சென்னைக்குப் போய், அங்கிருந்து ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டும். ஒருநாள் வேலைக்கு மூன்று நாள் போய்விடும். லாஸ்பேட்டை விமான நிலையமோ என் அச்சகத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத் தூரம்.

பலர் கேட்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "நம் ஊருக்கு ஏன் ஜெட் விமானம் வருவதில்லை? பழைய காலத்து விசிறி விமானத்தைத் தள்ளிவிடுகிறார்களே" என்று உறவினர்களே என்னிடம் ஆதங்கப்பட்டிருக்கிறார்கள். லாஸ்பேட்டை ஓடுதளத்தின் நீளம் ஏறத்தாழ 1,500 மீட்டர். சென்னையில் நாம் ஏறும் பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. நீட்டிக்க வேண்டிய நிலம் தமிழ்நாட்டு எல்லைக்குள், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டு அரசுகளும் பேசி முடிக்க வேண்டிய விஷயம் அது. அதுவரை இந்த ஓடுதளத்தில் ஏறி இறங்கக்கூடிய விமானம்தான் நமக்கு வரும். அதைத் தள்ளிவிட்ட பொருளாக நான் ஒருநாளும் நினைக்கவில்லை. விசிறி வெளியே தெரிந்தாலும் அதைச் சுழற்றுவது டர்பைன் இன்ஜின். க்யூ400 முதன்முதலில் பறந்தது 1998-இல். நான் ஏறிப் பழகிய பல ஜெட் விமானங்களைவிட வயதில் இளைய வடிவமைப்பு அது.

அந்த விசிறி வேலை செய்வதைப் பார்ப்பதற்காகவே நான் இறக்கைக்கு அருகில் இடம் கேட்டு வாங்குவேன். ஒரு விசிறிக்கு ஆறு இலைகள். முனைக்கு முனை நான்கு மீட்டருக்கு மேல் அகலம். இன்ஜின் உயிர்பெறும்போது இலைகள் தங்கள் மெல்லிய ஓரத்தை முன்னே காட்டியபடி, காற்றைப் பிடிக்காமல் சோம்பலாகச் சுற்றும். சற்று நேரத்தில் இலைகளின் கோணம் மாறும். அப்போது ஓசை தடித்துவிடும், விமானத்தின் உடல் முழுவதும் ஒரு முறை சிலிர்க்கும். ஓடுதளத்தின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்று, பிரேக்கை விட்டதும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் ஒன்றுக்கு ஏறத்தாழ 5,000 குதிரைத்திறன். பெரிய ஜெட்டில் ஓடி ஓடி, இன்னும் எழவில்லையே என்று நினைக்கும் நேரத்தில், இது மரங்களுக்கு மேலே போயிருக்கும்.

இறங்கும்போதுதான் இதன் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் விசிறி இலைகள் கோணத்தைத் தட்டையாக்கிக்கொண்டு காற்றுக்கு எதிரே ஒரு சுவர்போல நின்றுவிடும். ஓர் உறுமல் கேட்கும், உடல் முன்னே தள்ளப்படும், வேகம் சரசரவென்று இறங்கும். முதல்முறை வருபவர்கள் கைப்பிடியை இறுகப் பற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் அப்படிப் பதறினால், ஓடுதளம் குட்டை என்பதால் இப்படித்தான் நிறுத்துவார்கள், பயம் வேண்டாம் என்று சொல்வது என் வழக்கமாகிவிட்டது.

இன்னொரு நிறைவு, ஜன்னல். இறக்கை விமானத்தின் தலைக்கு மேலே இருப்பதால் எந்த வரிசையில் அமர்ந்தாலும் நிலம் தெரியும். கடல் பக்கமாகக் கிளம்பி இடப்புறம் திரும்பும் நாள்களில், இடது ஜன்னலில் என் ஊர் முழுவதும் சாய்ந்து நிற்கும். வெள்ளைக் கோடாகக் கடற்கரை, நேர் நேராகக் கிழித்த தெருக்கள், காலாப்பட்டு வரை கடலை ஒட்டிப் போகும் சாலை, ஆரோவில்லின் பொன்னிற உருண்டை. மழைக்குப் பிறகு போனால் மேற்கே ஊசுட்டேரி வானத்தின் நிறத்தில் விரிந்து கிடக்கும். லாஸ்பேட்டை மேட்டின் செம்மண்ணை மழை அரித்த ஓடைகள் கையில் ஓடும் நரம்புகள் மாதிரி தெரியும். நாற்பது ஆண்டுகளாக சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் சுற்றிய ஊரின் உருவம் எனக்கு மனத்தில் படிந்தது இந்த ஜன்னலில்தான்.

ஐதராபாத் வரை நேர்த்தூரம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். பெரிய ஜெட் அளவுக்கு உயரமாகப் பறப்பதில்லை. இதன் உச்ச உயரம் 25,000 அடியைச் சுற்றித்தான். அதனால் மேகம் இல்லாத நாளில் திருப்பதி மலைகளுக்கு அப்பால் நல்லமலைக் காடுகளின் மடிப்புகளையும், கிருஷ்ணை ஆற்றின் வளைவுகளையும் படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே போகலாம்.

என் அம்மாவுக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது சக்கரம். 2018-இல் அக்காவின் மகள் திருமணத்துக்காக எழுபத்திரண்டு வயதில் முதல்முறை விமானம் ஏறினார். முனையத்திலிருந்து வெயிலில் நடந்து, கதவோடு சேர்ந்தே இறங்கும் சிறிய படிக்கட்டில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் என்பதால் எனக்குக் கவலை. நான்கைந்து படிகள்தான் என்று பார்த்ததும், "இது பஸ் படி மாதிரிதானே தம்பி, விடு, நானே ஏறுகிறேன்" என்று கையை உதறிவிட்டார். இந்த விமானத்தின் பின்சக்கரங்கள் இன்ஜின் கூட்டின் அடியிலிருந்து இறங்குகின்றன. நடுவரிசைகளில் ஜன்னலோரம் அமர்ந்தால், கதவு திறந்து நீண்ட காலோடு சக்கரம் கீழே வந்து நிற்பதும், கிளம்பியதும் மடங்கி உள்ளே போவதும் கண்ணெதிரே நடக்கும். கொக்கு காலை மடக்குவதுபோல இருக்கிறது என்றார் அம்மா. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அந்த இடம்தான் வேண்டும் என்று கேட்டார். சக்கரம் இறங்குவதைப் பார்த்த பிறகே கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைப்பார்.

சத்தத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெயரில் உள்ள க்யூ என்ற எழுத்து அமைதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அறையின் சுவர்களில் மைக்குகளை வைத்து, அதிர்வை அளந்து, அதற்கு எதிரதிர்வு கொடுத்துச் சத்தத்தை அடக்கும் அமைப்பு இதில் இருக்கிறது. பழைய விசிறி விமானங்களில் ஏறியவர்கள் இதன் வேறுபாட்டை உடனே உணர்வார்கள். ஆனால் ஜெட்டின் அமைதியை எதிர்பார்க்கக் கூடாது. விசிறிக்கு நேரே வரும் முன்வரிசைகளில் ஒரு சீரான ரீங்காரம் காதில் மட்டுமல்லாமல் தாடையிலும் தங்கும். இறங்கிய பிறகும் அரைமணி நேரம் அது ஒலிப்பதுபோல இருக்கும். தலைவலிக்கு ஆளாகிறவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுவது நல்லது. பறக்க வேண்டிய உயரத்தை எட்டியதும் விசிறியின் சுழற்சியைக் குறைப்பார்கள். அந்த நேரத்தில் ரீங்காரம் ஒரு படி இறங்கும். தூங்க வேண்டியவர்கள் அப்போது தூங்கலாம்.

இருக்கை பக்கத்துக்கு இரண்டு, நடு இருக்கை என்ற தொல்லை இல்லை. மொத்தம் 78 பேர். கால் நீட்ட இடம் சாதாரணம்தான். தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டு மட்டும் மிகச் சிறியது. சக்கரம் வைத்த கைப்பெட்டி அதில் நுழையாது. படிக்கட்டின் அருகிலேயே வாங்கி அட்டை கட்டிப் பின்னறையில் வைத்து, இறங்கும்போது அதே இடத்தில் தருவார்கள். எனக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. நிற மாதிரிகளும் வெட்டி மடித்த அட்டைப்பெட்டிகளும் நசுங்கினால் போன வேலையே வீண். இரண்டு பயணங்களுக்குப் பிறகு மாதிரிகளைத் தட்டையாகவே அடுக்கி, தோளில் மாட்டும் மெல்லிய பையில் வைத்து முன்னிருக்கைக்குக் கீழே தள்ளப் பழகிக்கொண்டேன். பெட்டியை ஐதராபாத்தில் வைத்துத்தான் மடிப்பேன்.

மழைக்காலம்தான் உண்மையான சோதனை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது கடலிலிருந்து மேகம் தாழ்ந்து வந்து லாஸ்பேட்டை மேட்டின் மீது உட்கார்ந்துவிடும். ஒரு நவம்பரில் ஊரின் மீது மூன்று சுற்று சுற்றினோம். மேகத்தின் ஓட்டை வழியே ஒரு கணம் அலை தெரிந்தது, மறுகணம் வெறும் சாம்பல். கடைசியில் சென்னைக்குத் திருப்பினார்கள். அம்மா முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். "மூன்று முறை நீ தலைக்கு மேலே போனாய், இறங்கவே இல்லையே" என்று தொலைபேசியில் அழாத குறை. அன்று விமானியின் முடிவின் மீது எனக்கு வருத்தம் இல்லை. 1,500 மீட்டர் ஈர ஓடுதளத்தில், பார்வை தெளியாமல் இறங்காமல் இருந்ததற்கு நன்றியே உண்டு.

கட்டணத்தைப் பற்றி: சிறு ஊர்களை விமானத்தில் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேவை தொடங்கியது 2017 ஆகஸ்ட் 16. ஒரு மணி நேர அளவிலான பயணத்துக்கு, பாதி இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்த காலம். முன்கூட்டியே பதிவு செய்தால் சென்னை போய்வரும் செலவையும் நேரத்தையும் கணக்கில் கொண்டு பார்க்கும்போது இதுவே மலிவு. என் அச்சகத்தில் வேலை செய்யும் இரண்டு இளைஞர்களை இயந்திரப் பயிற்சிக்காக இதில் அனுப்பினேன். அவர்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆட்கள் அவர்கள்தான்.

எங்கள் ஊரில் சேவை வருவதும் நிற்பதும் புதிதல்ல. 2013 ஜனவரியில் புதிய முனையம் திறந்து பெங்களூருக்கு விமானம் விட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டில் நின்றது. 2015-இல் இன்னொரு நிறுவனம் வந்து சில மாதங்களில் போய்விட்டது. 2020 மார்ச்சில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. 2022 மார்ச் 27 அன்று ஐதராபாத்தும் பெங்களூரும் சேர்ந்து திரும்பின. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் காலையில் நடக்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பதை மறந்துவிடுவார்கள். ஊருக்குள் வேலை தேடும் பிள்ளைகளுக்கும், மருத்துவத்துக்கு வெளியூர் போகும் முதியவர்களுக்கும் தூரம் மறுபடி கூடிவிடும். விமான நிலையம் என்பது சுற்றுலாப் பயணிகளுக்கானது என்று பேசுபவர்கள், அந்த முனையத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை ஒருநாள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

க்யூ400 வகைக்கு இன்னொரு வருத்தமும் சேர்ந்திருக்கிறது. கனடாவில் பம்பார்டியர் நிறுவனம் உருவாக்கி, 2019-இல் டி ஹாவிலண்ட் கனடாவின் கைக்குப் போன இந்த விமானம், உலகம் முழுவதற்கும் 600-க்கு மேல் செய்யப்பட்ட பிறகு, 2021-இல் உற்பத்தி நிறுத்தி வைக்கப்பட்டது. இருப்பவை பறக்கும் வரைதான் பறக்கும்.

கடைசிப் பயணத்தன்று விமானம் கடலைத் தொட்டுத் திரும்பி இறங்கியது. இறங்கியவர்களில் சிலர் படிக்கட்டுக்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள். நான் விசிறி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இலைகள் மெல்லிய ஓரத்தைத் திருப்பி, மெதுவாகி, ஆறும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும்படி ஓய்ந்தன.

2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோவின் ஏடிஆர் என்ற விசிறி விமானங்கள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கின. பொங்கல் கழித்து அம்மாவோடு ஐதராபாத்துக்குப் போனேன். இதிலும் 78 இருக்கைகள், இறக்கை மேலேதான், ஜன்னலில் நிலம் குறைவில்லாமல் தெரிகிறது. இன்ஜின் திறன் க்யூ400-இல் ஏறக்குறைய பாதி. மணிக்கு 660 கிலோமீட்டரைத் தாண்டும் அதன் வேகத்துக்கு எதிரே இது 500 அளவில்தான் போகிறது. எரிபொருள் செலவு குறைவு என்பதால் நம் ஊர் போன்ற தடங்களில் நீடித்து நிற்க இதற்கு வாய்ப்பு அதிகம் என்று நம்புகிறேன். ஐதராபாத் பயணத்தில் வேகக் குறைவு கொஞ்சம் தெரிகிறது, பெங்களூருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஏறும் கதவு பின்புறத்தில். முன்கதவு சரக்குக்கு. அதனால் நடக்கச் சிரமப்படுபவர்கள் பின்வரிசை இருக்கை வாங்குவது நல்லது.

அம்மாவுக்கு இடதுபக்க ஜன்னல் வாங்கியிருந்தேன். கிளம்பியதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இன்ஜினுக்கு அடியில் உற்றுப் பார்த்தார். ஏடிஆரின் சக்கரங்கள் உடலின் அடிவயிற்றோடு ஒட்டி மடங்குபவை. அவர் இருந்த இடத்திலிருந்து அவை தெரியவில்லை.

"தம்பி, சக்கரத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்?" என்றார்.

நமக்குக் கீழேதான் அம்மா என்றேன். அவர் சற்று நேரம் காலடியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலேயே ஊசுட்டேரியைத் தேடத் தொடங்கினார்.