கராஜ் கட்ட மூன்று வழி: சும்மாவா, சான்றிதழா, பிளானிங்கா?

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு பழைய கராஜ் நின்றது. வடமேற்கு லண்டனில் 1930களில் கட்டிய வீடுகளோடு ஒட்டிக்கொண்டு வருகிற சாமான்: சீமெந்துப் பலகைச் சுவர், அஸ்பெஸ்டாஸ் கூரை, வெளியே மழை என்றால் உள்ளேயும் மழை. அதற்குள் கார் போன நினைவு எனக்கில்லை. இரண்டு கிடாரம், அரிசி மூட்டைகள், ஆட்டிறைச்சி ஃப்ரீசர், அவ்வளவுதான். 2024இல் அதை உடைத்துவிட்டு, வளவின் பின்பக்கமாக ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு செங்கல் கராஜ் கட்ட முடிவெடுத்தோம். செங்கல் எங்கே வாங்குவது என்பதற்கு நடந்ததைவிட, அனுமதியை எந்த வழியில் எடுப்பது என்பதற்குத்தான் வீட்டில் பெரிய பட்டிமன்றம் நடந்தது.

இங்கிலாந்தில் மூன்று வழி உண்டு. ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் சட்டம் வேறு, அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலாவது, பெர்மிட்டட் டெவலப்மென்ட் விதிகளுக்குள் (அனுமதி கேட்காமலே கட்ட விடுகிற விதிகள்) அடங்குகிறது என்று நாமே முடிவெடுத்து, கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றம்) ஒன்றும் சொல்லாமல் கட்டுவது. இரண்டாவது, அதே விதிகளுக்குள் கட்டுவதுதான், ஆனால் கட்டுமுன் கவுன்சிலிடமிருந்து லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட், அதாவது கட்டப்போவது சட்டப்படி சரி என்ற சான்றிதழ், எடுத்து வைப்பது. மூன்றாவது, முறைப்படி பிளானிங் அனுமதிக்கு விண்ணப்பிப்பது. நான் இரண்டாவது வழியில் போனேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு வழிக்கும் விதி ஒன்றுதான். கராஜ் வீட்டின் முகப்பைத் தாண்டி முன்னால் வரக்கூடாது. வீடு முதலில் கட்டியபோது இருந்த கட்டிடம் தவிர்ந்த நிலத்தில் பாதிக்கு மேல் கட்டிடங்கள் மூடக்கூடாது (பின்னால் இழுத்துக் கட்டிய குசினியும் இந்தக் கணக்கில் சேரும்). கூரை விளிம்பு 2.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மொத்த உயரம், இருபக்கம் சரியும் கூரை என்றால் 4 மீட்டர், மற்றவற்றுக்கு 3 மீட்டர். ஆனால் எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் மொத்த உயரமே 2.5 மீட்டர்தான். லண்டன் வளவுகளின் அகலத்துக்கு அநேகமாக எல்லாக் கராஜும் இந்தக் கடைசி விதியில்தான் வந்து மாட்டும். முக்கோணக் கூரை ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.

சும்மா கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டப்படி முற்றிலும் சரி, செலவில்லை, நாளைக்கே அத்திவாரம் வெட்டலாம். என் அத்தான் இந்தக் கட்சி. 'விதிக்குள்ள கட்டிறதுக்கு ஏன் காசு குடுத்துக் கேக்கிறாய்?' என்றார். நியாயமான கேள்விதான். அளவில் எங்காவது பிழைத்துவிட்டால்தான் சிக்கல். முன்பு கட்டி முடித்து நான்கு வருடம் போனால் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது என்றிருந்தது. 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு முடித்த வேலைகளுக்கு அது பத்து வருடம். ஒளித்து வைத்தால் அதுவும் இல்லை. சரே பக்கத்தில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை மதில்போல அடுக்கி, அதற்குப் பின்னால் கோட்டை மாதிரி ஒரு வீடு கட்டி நான்கு வருடம் குடியிருந்தார். பிறகு வைக்கோலை எடுத்துவிட்டுக் காட்டினார். வழக்கு நீண்டுபோய், கடைசியில் 2016இல் வீட்டை இடிக்க வேண்டி வந்தது. எங்கள் அரிசிக் கராஜுக்கு அந்த அளவு நாடகம் வராதுதான்.

முழு பிளானிங் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அத்தான் முன்பு வேறொரு வீட்டில் போனதைப் பார்த்ததுதான். வீட்டுக்கு முன்னால் கராஜ் கேட்டார், வேறு வழியில்லாமல். அயலவர்களுக்கு அறிவித்தல் போகும், கருத்துச் சொல்ல 21 நாள். எதிர் வீட்டுக்காரர் தெருவின் அழகு கெடுகிறது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டார். எட்டு வாரம் என்றது பதினொன்றாகி, கூரையைத் தாழ்த்தச் சொல்லித்தான் அனுமதி கிடைத்தது. யாழ்ப்பாணத்து வேலிச் சண்டையை இங்கே ஈமெயிலில் நடத்துகிறார்கள் என்று அத்தான் சொல்லுவார். அதோடு அனுமதியில் நிபந்தனைகளும் வரும், மூன்று வருடத்துக்குள் வேலையைத் தொடங்கவும் வேண்டும். முன்பக்கம் கட்டுகிறவர்கள், எல்லையோரம் 2.5 மீட்டரைத் தாண்டுகிறவர்கள், ஃபிளாட்டில் இருப்பவர்கள், லிஸ்டட் (பழமைக்காகச் சட்டம் பாதுகாக்கிற) கட்டிடக்காரர்கள், கட்டும்போதே பெர்மிட்டட் டெவலப்மென்ட் உரிமையை நீக்கிவிட்ட புது எஸ்டேட் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இது ஒன்றே வழி. அவர்கள் சான்றிதழுக்குப் போட்டுக் காசைத் தண்ணீரில் விட வேண்டாம்.

நான் சான்றிதழின் பக்கம் விழுந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: வீட்டை விற்கிற நாள்.

சித்தப்பாவின் மகன் 2016இல் ஒரு கராஜ் கட்டினான். எல்லாம் விதிக்குள்தான், சும்மா கட்டினான். 2022இல் வீட்டை விற்கப் போனான். விற்பவர் நிரப்புகிற டிஏ6 படிவத்தில், வீட்டில் என்ன மாற்றம் செய்தீர்கள், அதற்குரிய கடுதாசி எங்கே என்று கேள்வி வரும். கராஜ் என்று எழுதினான், கடுதாசி என்ற இடத்தில் ஒன்றுமில்லை. வாங்குபவரின் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) விடவில்லை. அனுமதி தேவையில்லாத கட்டிடம் என்று இவன் சொல்ல, அதை நிரூபியுங்கள் என்று அவர் கேட்க, ஈமெயில் போய் வந்துகொண்டே இருந்தது. இப்படியான இடத்தில் இண்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் (பின்னால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் நட்டத்தை ஈடுசெய்கிற காப்புறுதி) என்று ஒன்றை எடுத்துக் கதையை முடிப்பது வழக்கம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: விஷயத்தைப் பற்றி யாரும் கவுன்சிலோடு பேசியிருக்கக்கூடாது. எங்கள் ஆள் நேர்மையாக முதல் வாரமே கவுன்சிலுக்கு ஃபோன் போட்டு, 'என்னுடைய கராஜ் சரிதானே?' என்று கேட்டுவிட்டான். இன்ஷூரன்ஸ் கதவு சாத்தியது. பிறகு, கட்டி முடித்த கட்டிடத்துக்கான சான்றிதழுக்குப் போட்டான். கட்டுமுன் எடுத்தால் பிளானிங் கட்டணத்தில் பாதிதான், கட்டிய பிறகு என்றால் முழுக் கட்டணம். அது வருவதற்குள் வாங்குபவரின் மோர்ட்கேஜ் ஆஃபர் காலாவதியாகி, கடைசியில் விலையில் 5,000 பவுண் குறைத்துத்தான் விற்பனை நடந்தது.

கட்டுமுன் எடுத்திருந்தால் என்ன செலவு? நான் போட்ட 2024இல் 129 பவுண், பிளானிங் விண்ணப்பத்துக்கு அன்றிருந்த 258இல் சரி பாதி. இணையவழிச் சேவைக் கட்டணம் தனி. 2025 ஏப்ரலில் கட்டணங்கள் ஏறிவிட்டன, போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழில் எனக்குப் பிடித்த இன்னொன்று, இதில் யாருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை. அழகா, அயலவருக்குப் பிடித்ததா என்று அதிகாரி பார்ப்பதில்லை. வரைபடம் விதிக்குள் அடங்குகிறதா, ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். ஆனால் அடங்குகிறது என்று காட்டுகிற பொறுப்பு நம்முடையது. நான் கட்டிடக் கலைஞரைப் பிடிக்காமல் நானே கீறினேன். 1:1250 அளவில் சிவப்புக் கோடிட்ட இட வரைபடம், வளவின் வரைபடம், நான்கு பக்கத் தோற்றமும் 1:100இல். முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அளவுகோல் பட்டை போடவில்லை, எல்லை வேலிக்கும் சுவருக்கும் இடையிலான தூரம் எழுதவில்லை. அந்தத் திருத்தத்தில் இரண்டு வாரம் போனது. அதன் பிறகு ஏழாவது வாரம் சான்றிதழ் வந்தது.

கீறும்போது கிடைத்த ஒரு லாபத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வளவு பின்னால் சரிவு, கராஜின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் 18 சென்டிமீட்டர் வித்தியாசம். உயரத்தை எங்கிருந்து அளப்பது? கட்டிடத்தை ஒட்டிய நிலத்தின் மிக உயர்ந்த இடத்திலிருந்து என்பது விதி. அதனால் பள்ளமான மூலையில் நின்று பார்த்தால் சுவர் 2.68 மீட்டர் வரை வரலாம், ஆனாலும் கணக்கு 2.5தான். சும்மா கட்டியிருந்தால் பயத்தில் குறைத்துக் கட்டியிருப்பேன், அல்லது அசட்டுத் துணிவில் கூட்டியிருப்பேன். கதவுக்கு 2.1 மீட்டர், அதற்கு மேல் லின்டல் (கதவுக்கு மேல் சுவரைத் தாங்குகிற உத்தரம்), பிறகு கூரைத் தகடு என்று வரும்போது அந்தப் பத்துப் பதினெட்டு சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

குறைகளும் உண்டு. இந்தச் சான்றிதழ் பிளானிங் பக்கத்துக்கு மட்டும்தான். பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டிடத்தின் பாதுகாப்பையும் தரத்தையும் பார்க்கிற விதிகள்) வேறு உலகம்: 15 சதுர மீட்டருக்குள் என்றால் கவலையில்லை. 15க்கும் 30க்கும் இடையில் என்றால் எல்லையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், அல்லது பெரும்பாலும் தீப்பிடிக்காத பொருளில் கட்ட வேண்டும். எங்களுடையது உள்ளளவில் 16, வேலிக்கு 60 சென்டிமீட்டர்தான் இடைவெளி. அதனால்தான் செங்கல் சுவரும் இரும்புத் தகட்டுக் கூரையும். மரத்தில் கட்டினால் மலிவு என்று சொன்ன நண்பருக்கு இதுவே பதில். பக்கத்து வீட்டுச் சுவருக்கு 3 மீட்டருக்குள் அவர்களுடைய அத்திவாரத்தைவிட ஆழமாக வெட்டினால் பார்ட்டி வால் சட்டப்படி (அயலவரின் சுவரையும் அத்திவாரத்தையும் காக்கிற சட்டம்) அவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது வரவில்லை, ஆகையால் அதில் நான் புத்தி சொல்லப் போவதில்லை. நானும் இன்னும் வீட்டை விற்கவில்லை. சான்றிதழைக் கண்டதும் எல்லாச் சொலிசிட்டரும் வாயை மூடுவார்களா என்பதை விற்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

கட்டவந்த மேசன் அண்ணைக்கு இந்தக் கடுதாசிகளில் பெரிய மரியாதை இல்லை. சுவர் முடிகிற அன்று, 'தம்பி, இன்னொரு வரி கல்லு வைச்சா உள்ளுக்கு நல்ல உயரம் வரும். ஆர் வந்து அளக்கப் போகினம்?' என்றார். ஒரு வரி ஏழரை சென்டிமீட்டர். வரைபடத்தைக் காட்டி வேண்டாம் என்றேன். கீறியபடி கட்டினால்தானே கீறியதற்கு வாங்கிய சான்றிதழ் செல்லும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே மட்டப்பலகையை எடுத்து வைத்தார். மின்சாரக்காரர் வந்து வயர் இழுத்தபோது அவருடைய சான்றையும் கேட்டு வாங்கி, அதே கோப்பில் வைத்திருக்கிறேன். கார் இப்போதும் வெளியேதான் நிற்கிறது.