வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதா, பணத்தைக் கையில் வைப்பதா? சொந்தத் தொழில் செய்பவரின் கணக்கு

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். ஜனவரியிலிருந்து மே வரை மூச்சு விட நேரம் இருக்காது. மழை இறங்கிவிட்டால் பட்டறையில் பேச்சுக்குரல்தான் கேட்கும். ஆனால் வீட்டுக்கடன் தவணை மட்டும் 5-ம் தேதி ஆனால் கணக்கிலிருந்து போய்விடும். மாதச் சம்பளக்காரருக்குச் சரியாக வருகிற யோசனை நமக்கு இடறுவது இங்கேதான்.

கணக்குப் பார்க்க ஒரு கடனை எடுத்துக்கொள்வோம்: 25 லட்சம், 20 வருடம், 9 சதவீதம். தவணை 22,493 ரூபாய். முதல் மாதம் அதில் 18,750 ரூபாய் வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது 3,743. கடைசி வரை இப்படியே கட்டினால் வட்டி மட்டும் 29 லட்சத்தைத் தொடும். இதைப் பார்த்த யாருக்கும், கையில் காசு வந்ததும் கொண்டுபோய் கடனில் போட வேண்டும் என்றுதான் தோன்றும்.

அது தப்பில்லை. முதல் வருடம் முடிந்ததும் 1 லட்சம் கூடுதலாகக் கட்டி, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கச் சொன்னால், 22 மாதத் தவணை இல்லாமல் போகிறது. மிச்சமாகும் வட்டி சுமார் 4 லட்சம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு இப்படிக் கட்டினால் அபராதம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது.

நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு மே மாதம் கணக்கில் இருந்த 3 லட்சத்தையும் துடைத்துக் கடனில் கட்டினேன். ஜூலையில் லேத்தின் ஸ்பிண்டில் பேரிங் போனது. அதே நேரம், வர வேண்டிய பெரிய பில் ஒன்று மூன்று மாதம் தள்ளிப்போனது. கடனில் கட்டிய பணத்தை வங்கி திருப்பித் தராது. டாப் அப் லோன், அதாவது அதே வீட்டுக்கடனுக்கு மேல் கூடுதல் கடன் கேட்டால், வருமான வரிக் கணக்கில் காட்டிய லாபம் போதாது என்றார்கள். கடைசியில் தெரிந்தவரிடம் ஒன்றரை லட்சம், இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினேன். வருடத்துக்கு 24 சதவீதம். 9 சதவீதக் கடனை அடைத்த கையோடு 24 சதவீதக் கடனில் விழுந்தேன்.

அந்த ஒன்றரை லட்சத்தை மட்டும் கடனில் கட்டாமல் 7 சதவீத ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டிருந்தால் என்ன நஷ்டம்? வரியைக் கணக்கில் எடுக்காவிட்டால், 9-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம், வருடத்துக்கு 3,000 ரூபாய். நான் வெளியில் கட்டிய வட்டியும் 3,000 ரூபாய்தான். ஆனால் அது மாதத்துக்கு. அதனால் இப்போது நான்கு மாதத் தவணை, பட்டறை வாடகை, ஆள் கூலி மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை டெபாசிட்டில் கிடக்கும். அதைத் தொடாமல் மிஞ்சுவதுதான் உபரி. 20-ம் தேதி ஜி.எஸ்.டி.க்கும், மார்ச் 15 அட்வான்ஸ் டாக்ஸுக்கும் ஒதுக்கியது உபரியில் சேராது.

சரி, உபரியைக் கட்டும்போது காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா? எல்லாரும் காலத்தைக் குறை என்பார்கள். அதே 1 லட்சத்துக்குத் தவணையைக் குறைத்தால் மாதம் 917 ரூபாய்தான் குறையும், கடைசி வரையில் மிச்சமாகும் வட்டியும் 1 லட்சத்து 9 ஆயிரம்தான். ஏட்டில் பார்த்தால் தோற்ற வழி. ஆனாலும் நம்மைப் போன்றவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். குறைந்த அந்த 917-ஐயும் நாமாகவே சேர்த்துக் கட்டிவந்தால் கடன் அதே நாளில்தான் முடியும். வேலை இல்லாத மாதத்தில் மட்டும் குறைந்த தவணையோடு நிறுத்திக்கொள்ளலாம். மாதாமாதம் சின்னத் தொகையை ஏற்காத வங்கியாக இருந்தால், சேர்த்து வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். எதைக் குறைக்க வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் அவர்கள் வழக்கப்படி ஒன்றைச் செய்துவிடுவார்கள்.

இதைவிட நமக்குப் பொருந்துவது ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன். எஸ்.பி.ஐ.யின் மேக்ஸ்கெயின் போன்றவை. பில் பணம் வந்ததும் அந்தக் கணக்கில் போட்டால், கிடக்கிற நாள் வரைக்கும் அந்தத் தொகைக்கு வட்டி ஏறாது. இரும்பு வாங்க வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் கடனைவிட வட்டி கொஞ்சம் கூட. கால் சதவீதம் கூட என்று வைத்தால் 25 லட்சத்துக்கு வருடம் 6,250 ரூபாய். சராசரியாக 70,000 ரூபாய் கணக்கில் கிடந்தாலே அது சரியாகிவிடும். மாதாமாதம் சில லட்சம் புரள்கிற தொழிலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஒரே பயம், எடுப்பது ரொம்ப எளிது. கம்ப்யூட்டரில் ஓடும் பழைய சி.என்.சி. மெஷின் ஒன்று மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் கை அரிக்கும். இந்த வகைக் கடன் எடுத்தால், வீட்டில் இருவரும் கலந்து பேசாமல் அதில் கை வைக்கக் கூடாது.

பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக்கு வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். கடன் வட்டியோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் தனி உரிமையாளராகத் தொழில் செய்பவருக்கு வீட்டுச் சொத்து வேறு, தொழில் கடன் வேறு என்று சட்டம் பிரிப்பதில்லை. பி.பி.எஃப். பணத்தைக் கடன்காரருக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே வருடம் கொஞ்சமாவது போடுகிறேன். ஏலச்சீட்டு என்றால் பதிவு செய்த சீட்டு மட்டும், அதுவும் தொழில் முதலுக்காக, சேமிப்புக்காக இல்லை.

வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திரு என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வருடம் 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கிற சலுகை பழைய வரிமுறையில்தான். புதிய முறையில் அது கிடையாது. புதிய முறையில் இருப்பவர் அந்தப் பேச்சைக் காதில் வாங்க வேண்டியதில்லை.

இந்த வருடம் மே மாதம் உபரி 2 லட்சத்து 20 ஆயிரம் வந்தது. பி.பி.எஃப்.பில் 20,000 போட்டோம். தவணையைக் குறைக்கக் கடிதம் எழுதிக்கொடுத்து 1 லட்சத்தைக் கடனில் கட்டினோம். மீதி 1 லட்சம், மழைக்காலம் முடிகிற வரை டெபாசிட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.