ஒரே பாஸா, சிஆர்எஃப்பா, ரெண்டு பாஸா: கேட்ட பிட்ரேட் எதுல கைக்கு வரும்?

வீடியோவைச் சுருக்கற எக்ஸ்264 என்கோடர்ல 2500 கேபிபிஎஸ் பிட்ரேட்னு (ஒரு செகண்டுக்கு எத்தனை கிலோபிட்) போட்டு ஒரே பாஸ்ல, அதாவது வீடியோவை ஒரே தடவை மட்டும் ஓட்டினா, ஒரு தடவை 2700 வரும், இன்னொரு வீடியோவுக்கு 2200-லயே நின்னுடும். என்கோடர்ல பக் ஒண்ணும் இல்ல, அந்த மோடோட குணமே அதுதான். நான் பண்றது பெரும்பாலும் ஸ்கூல் ஆண்டு விழா, அரங்கேற்றம் மாதிரி ரெக்கார்டிங், கடைசில ஃபைல் இவ்ளோ எம்பிக்குள்ள இருக்கணும்னு சொல்லித்தான் கேப்பாங்க. ஏபிஆர் (சராசரி பிட்ரேட்டைக் குறி வைக்கற ஒரே பாஸ் மோடு), சிஆர்எஃப் (பிட்ரேட்டுக்குப் பதிலா தரத்துக்கு ஒரு நம்பர் குடுக்கறது) கூட மேக்ஸ்ரேட் (பிட்ரேட்டோட உச்சவரம்பு), ரெண்டு பாஸ்னு மூணையும் ஓட்டிப் பாத்துட்டு ரெண்டு பாஸ்ல வந்து செட்டில் ஆயிட்டேன், அதனால இது நடுநிலையான அலசல்னு நினைச்சுப் படிக்காதீங்க.

என்கோடரைத் திட்டறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க. 10 நிமிஷ வீடியோ, 200 எம்பி லிமிட்னா மொத்தம் 2667 கேபிபிஎஸ் கிட்ட வரும், அதுல ஆடியோ 128 போக 2539, கன்டெய்னருக்கு (வீடியோவையும் ஆடியோவையும் சேத்து வைக்கற ஃபைல் உறை) கொஞ்சம் விட்டா 2500. விண்டோஸ் 1024-ஆல வகுத்துக் காட்டறதால அதே 200 எம்பி ஃபைல் 190.7-னு தெரியும், பிட்ரேட் குறைஞ்சிடுச்சுன்னு பயப்பட வேணாம். இன்னொண்ணு எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம். 50 ஃப்ரேம் ரா (சுருக்காத) வீடியோவை 25-னு சொல்லிக் குடுத்தா என்கோடர் வீடியோவே ரெண்டு மடங்கு நீளம்னு நினைச்சு பிட்டைப் பங்கு போடும், எல்லாக் கணக்கும் ரெண்டு மடங்கு தள்ளிப் போயிடும். இதெல்லாம் சரியா இருந்தும் தப்பா வந்தாத்தான் மோடைப் பத்திப் பேசணும்.

ஒரே பாஸ் ஏபிஆர்ல என்ன பிரச்சனைன்னா அதுக்கு எதிர்காலம் தெரியாது. மீடியம் ப்ரிசெட்ல (வேகத்துக்கும் தரத்துக்கும் நடுவுல இருக்கற ரெடிமேட் செட்டிங்) லுக்அஹெட் 40 ஃப்ரேம், 25 எஃப்பிஎஸ்ல 1.6 செகண்ட், அவ்ளோதான் அதோட முன்பார்வை. மீதி எல்லாம் இதுவரைக்கும் போன சீன் எவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னு பாத்து போடற அனுமானம். ஆண்டு விழாவை எடுத்துக்கங்க, முதல்ல சிறப்பு விருந்தினர் மைக் முன்னாடி நின்னு பேசிட்டே இருப்பார், பின்னாடி பேனர் கூட அசையாது, கடைசில பசங்க டான்ஸ், கலர் லைட்டு, புகை, மேல இருந்து பேப்பர் துண்டு வேற கொட்டும். ஏபிஆர் பேச்சுக்கே 2500-ஐயும் செலவு பண்ணப் பாக்கும், அங்க 700 போட்டாலே கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அப்புறம் டான்ஸ் வந்ததும் அதே தரத்துல ஆரம்பிச்சு பிட்டை அள்ளி வீசும், மீட்டர் எகிறினதும் பதறிப் போய்க் குவாலிட்டியைக் குறைக்கும். மாசக் கடைசில கல்யாணம் இருக்கறது தெரியாம முதல் வாரமே சம்பளத்தைக் காலி பண்றவங்க கதைதான். கடைசில பேச்சு தேவைக்கு மேல பளபளன்னு, டான்ஸ் கட்டம் கட்டமா, ஃபைலும் லிமிட் தாண்டி.

எவ்ளோ தாண்டும்ங்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. எக்ஸ்264 உள்ள ஒரு தாங்கும் அளவு வச்சிருக்கு: டிஃபால்ட்ல ரெண்டு செகண்டுக்கான பிட், அதை வீடியோ ஓடின நேரத்தோட வர்க்கமூலத்தால பெருக்கிக்கும். 100 செகண்ட் ஓடியிருந்தா 20 செகண்டுக்கான பிட், அந்த அளவு அதிகமா போனாத்தான் குவான்டைசரை (இதை ஏத்தினா பிட்டும் குறையும், தரமும் குறையும்) முழுசா ரெண்டு மடங்கு ஆக்கும், அதுக்குக் கம்மின்னா கம்மியா இழுக்கும். ஒரு மணி நேரம் ஓடியிருந்தா அது 120 செகண்ட். சதவீதமா பாத்தா முதல்ல 20, ரெண்டாவது 3-க்குக் கொஞ்சம் மேல. அதனாலதான் முழு நீளப் படத்துக்கு ஏபிஆர் ஓரளவு சொன்ன பேச்சு கேக்குது, ரெண்டு நிமிஷ கிளிப்புக்கு இஷ்டத்துக்குப் போகுது. இந்தத் தாங்கும் அளவை மாத்தற ரேட்டால் ஆப்ஷனை 1-ல இருந்து குறைச்சா நம்பர் நெருங்கி வரும், ஆனா பிடி இறுகிடறதால சீனுக்கு சீன் குவாலிட்டி ஏறி இறங்கறது அப்பட்டமாத் தெரியும். அதிகமா போறது மட்டும் இல்ல, வெறும் ஸ்லைடு ஓடற கிளாஸ் வீடியோவா இருந்தா கேட்ட அளவுக்குச் செலவு பண்ண அங்க விஷயமே இருக்காது, பிட்ரேட் கீழ விழும், அதை எந்த மோடாலும் தூக்க முடியாது, தூக்கவும் தேவை இல்ல.

சிஆர்எஃப் ரொம்பப் பேருக்குப் பிடிச்சது, எனக்கும் பிடிக்கும், லிமிட் எதுவும் இல்லைன்னா கண்ணை மூடிட்டு அதுதான். அந்த சிஆர்எஃப் நம்பரை 6 படி இறக்கினா பிட்ரேட் சுமார் ரெண்டு மடங்கு, ஏத்தினா சுமார் பாதி, இதைத் தாண்டி ஃபைல் சைஸ் என்னன்னு முன்கூட்டியே சொல்ல வழி கிடையாது. அதனால மேக்ஸ்ரேட் 2500, பஃப்சைஸ் (அந்த உச்சவரம்பைக் கணக்குப் பாக்கற பஃபரோட அளவு) 5000-னு மூடி போட்டு ஓட்டுவாங்க. சைஸ் லிமிட்டுக்குள்ள நிக்கும், அது உண்மை, பெரும்பாலும் ரொம்பக் கீழயே நிக்கும். நான் இதை விட்டதுக்குக் காரணமும் அங்கதான் இருக்கு. பேச்சு 700-ல முடிஞ்சிடுச்சுன்னா மிச்சம் 1800 அப்படியே வீணாப் போகுது, டான்ஸ் வரும்போது மூடி 2500-ல இடிக்குது. மேக்ஸ்ரேட் அந்தந்த நேரத்து வேகத்துக்குத்தான் கட்டுப்பாடு, மொத்த பட்ஜெட்டை அது கண்டுக்காது. நமக்கு லிமிட் இருக்கறதோ மொத்தத்துக்கு.

ரெண்டு பாஸ் அந்த 1800-ஐ எடுத்து டான்ஸுக்குக் குடுக்கும், மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. முதல் ஓட்டத்துல ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்ளோ கஷ்டம்னு லாக் எழுதி வச்சுக்கும், ரெண்டாவதுல மொத்தத்தையும் பாத்துப் பங்கு போடும், டான்ஸ் 4000-க்குப் போகலாம், பேச்சு 900-ல இருக்கலாம், சராசரி 2500. சில செகண்ட் கிளிப்பைத் தவிர மத்ததுல எனக்கு டார்கெட்டை ஒட்டியேதான் வருது. வராதப்போ லாக்லயே டார்கெட் இவ்ளோ, எதிர்பார்க்கறது இவ்ளோன்னு பக்கத்துல பக்கத்துல எழுதிடும். ரெண்டும் தள்ளி இருந்தா கேட்ட பிட்ரேட் அந்த வீடியோவுக்குப் பொருந்தலைன்னு அர்த்தம், மேக்ஸ்ரேட் ரொம்ப இறுக்கமா இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துக்கலாம்.

நேரம் ரெண்டு மடங்கு ஆகுமேன்னு எல்லாரும் சொல்றது பாதிதான் சரி. எக்ஸ்264 முதல் பாஸ்ல தானாவே வேலையைக் குறைச்சுக்கும்: ஒப்பிட்டுப் பாக்கற ரெஃபரன்ஸ் ஃப்ரேம் 1, அசைவை எவ்ளோ நுணுக்கமாத் தேடணும்ங்கற சப்எம்ஈ 2-க்கு இறங்கிடும், பிட்டை மிச்சம் பிடிக்கற ட்ரெல்லிஸ் ஆஃப். ஸ்லோ, வெரிஸ்லோ ப்ரிசெட்ல ஓட்டறவங்களுக்கு முதல் பாஸ் மொத்த நேரத்துல சின்னப் பங்குதான். சூப்பர்ஃபாஸ்ட், அல்ட்ராஃபாஸ்ட்ல ஓட்டினா குறைக்க ஒண்ணும் இருக்காது, அங்க கிட்டத்தட்ட டபுள்தான். சோர்ஸ் 4கே-வா இருந்து டீகோடும் ஸ்கேலிங்கும் கனமா இருந்தாலும் அந்தச் செலவு ரெண்டு தடவை வரும், அதுக்கு முதல்லயே 1080-க்கு ஒரு லாஸ்லெஸ் (தரம் குறையாத) இடைநிலை ஃபைல் எடுத்து வச்சுக்கறேன், டிஸ்க் இடம் தின்னும், பரவால்ல.

லைவ் ஸ்ட்ரீம்னா இந்தப் பேச்சுக்கே இடம் இல்ல, ஒரே பாஸ்தான், பிட்ரேட்டும் மேக்ஸ்ரேட்டும் ஒண்ணா வச்சு பஃப்சைஸைச் சின்னதாக்கி ஓட்டணும், ஒரே சீரா வேணும்னா சிபிஆர் (மாறாத பிட்ரேட்) மோடு ஃபில்லர், அதாவது வெத்து டேட்டா போட்டு நிரப்பிடும். கிராஃபிக்ஸ் கார்டுல இருக்கற என்வென்க் ஹார்டுவேர் என்கோடர்ல மல்டிபாஸ்னு ஒரு ஆப்ஷன் பாத்துட்டு இதுதான் அதுன்னு ஏமாறாதீங்க, அது ஃப்ரேம் அளவுல ரெண்டு தடவை பாக்கறது, முழு ஃபைலைப் பாத்துட்டு வர்றது இல்ல. ஹார்டுவேர் என்கோடர்ல நான் வேகத்துக்காக ப்ரிவியூ மட்டும்தான் எடுக்கறேன், ஏவி1-ங்கற வேற வீடியோ ஃபார்மட்ல கை வச்சதும் கொஞ்சம்தான், அதனால அந்தப் பக்கம் இதே தீர்ப்பை நான் சொல்ல வரல.

ரெண்டு பாஸ் போறவங்க கவனிக்க வேண்டியது லாக் ஃபைல். எக்ஸ்264-ஐ ஓட்டற எஃப்எஃப்எம்பெக் டூல்ல அதுக்கு ஒரே டிஃபால்ட் பேர்தான், ஒரே ஃபோல்டர்ல ரெண்டு வீடியோவை ஒரே நேரத்துல ஓட்டினா ஒண்ணோட லாக் மேல இன்னொண்ணு எழுதிடும், ஃப்ரேம் எண்ணிக்கை இடிச்சு ரெண்டாவது பாஸ் நின்னாலும் நிக்கும், நிக்காம தப்பான பங்கீட்டோட முடிஞ்சா இன்னும் மோசம், பாஸ்லாக்ஃபைல் ஆப்ஷன்ல தனித்தனி பேர் குடுத்துடுங்க. ட்ரிம், எஃப்பிஎஸ் ஃபில்டர் எதுவா இருந்தாலும் ரெண்டு பாஸ்லயும் அச்சு அசல் ஒண்ணா இருக்கணும். முதல் பாஸை சிஆர்எஃப் 20-லயே ஓட்டற வழியும் இருக்கு, முதல் பாஸ்ல வேலையைக் குறைக்கற ஃபாஸ்ட்ஃபர்ஸ்ட்பாஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க, வந்த ஃபைல் லிமிட்டுக்குள்ள இருந்தா அதையே குடுத்துட்டுப் போகலாம், தாண்டிடுச்சுன்னா அந்த லாக்கை வச்சே ரெண்டாவது பாஸை 2500-ல ஓட்டிக்கலாம்.