ரிமோட் ஃபேன் செட்: காற்று நல்லது, ஒயர்தான் வினை

கண்ணாடிக் கதவு வைத்த கம்ப்யூட்டர் கேபினெட்டோடு சேர்த்து விற்கிறார்களே, ரிமோட்டில் கலர் மாறும் மூன்று 120 மி.மீ. ஃபேன் செட், அதன் விலை இந்த மாதம் நன்றாக இறங்கியிருக்கிறது. வள்ளியூரில் இருக்கும் சித்தி மகன் படம் அனுப்பி, "அண்ணே, எடுத்துரட்டா?" என்று கேட்டான். அதே ரக செட் என் மெஷினில் சில வருடங்களாக ஓடுகிறது. அதில் ஒன்றை இப்போதுதான் கழற்றிப் போட்டேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் திசையன்விளையில் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. முகூர்த்த மாதங்களில் ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மெஷின் உருவாக்கும் வேலை, ஓடாத பொழுது கிடையாது. கத்திரி வெயில், ஏசி இல்லாத அறை. அப்படி ஓட்டியும் மெஷின் சூட்டில் தானாக அணைந்ததில்லை. முன்பக்கம் மூன்று ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளுகிறது. உள்ளே வருவது கூடுதல், வெளியே போவது குறைவு. அதனால் கேபினெட்டின் சந்து பொந்தெல்லாம் காற்றை வெளியே விடுமே தவிர உள்ளே இழுக்காது. எங்கள் பக்கம் இது சின்ன விஷயமில்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று தேரி மண்ணை அள்ளிக்கொண்டு வரும். ஜன்னலை அடைத்தாலும் மேசையில் சிவப்பாகப் படியும். முன்பக்க வலை வழியாக மட்டும் காற்று நுழைகிறது என்றால், வலையைக் கழற்றித் தட்டினால் வேலை முடிந்தது. அதிலிருந்து உதிரும் மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் இந்த செட்டை மனசாரப் பாராட்டியிருக்கிறேன். எல்லா ஃபேனையும் வெளியே தள்ளுவது போல மாட்டி, "சூடு சீக்கிரம் போயிரும்" என்று சொல்பவர்களை எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஆடி மாதம் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும்.

விளக்குகளும் மங்கவில்லை. சத்தமும் நடு வேகத்தில் தாங்கக்கூடியதுதான்.

குறை முழுக்க அந்த பிளக்கில் இருக்கிறது.

சாதாரண கேபினெட் ஃபேனுக்கு மூன்று பின் இருக்கும், அல்லது நான்கு. முதலாவது கிரவுண்டு, இரண்டாவது 12 வோல்ட். மூன்றாவது, ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம், எல்லாப் பாகமும் செருகியிருக்கும் மதர்போர்டுக்கு அனுப்பும் ஒயர். அதை எண்ணித்தான் போர்டின் செட்டிங் திரையான பயாஸில் வேகம் காட்டுகிறது. மூன்று பின் ஃபேனின் வேகத்தைக் குறைக்க, போர்டு வோல்டேஜையே குறைக்கும். நான்கு பின் ஃபேனுக்கு 12 வோல்ட் மாறாது. வேகத்துக்கான உத்தரவு நான்காவது ஒயரில் 25 கிலோஹெர்ட்ஸில் போகும், இந்த முறைக்குப் பெயர் பிடபிள்யூஎம். காதுக்கு எட்டாத அலைவரிசை, அதனால் கீச்சென்ற சத்தம் கிடையாது. இதற்கெல்லாம் இன்டெல் 2005இலேயே விவரக்குறிப்பு வெளியிட்டுவிட்டது. எந்தக் கம்பெனி ஃபேனையும் எந்தக் கம்பெனி போர்டிலும் செருகலாம் என்பது அதனால் கிடைத்த நிம்மதி.

இந்த செட்டில் அந்த நிம்மதிதான் இல்லை. ஒவ்வொரு ஃபேனுக்கும் ஆறு பின். மோட்டாருக்கும் விளக்குக்கும் சேர்த்து ஒரே பிளக். அது போய்ச் சேருவது செட்டோடு வந்த ஹப் என்ற இணைப்புப் பெட்டியில் மட்டும். எந்தப் பின்னில் எது வர வேண்டும் என்று பொதுவான வரைமுறை எதுவும் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹப்புக்கு மின்சாரம் கம்ப்யூட்டரின் பவர் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருகிறது. மதர்போர்டுக்கு இப்படி மூன்று ஃபேன் இருப்பதே தெரியாது. ரெண்டர் சூடு பிடித்தால் நாம்தான் ரிமோட்டைத் தேட வேண்டும். போகட்டும் என்று ஒரு வேகத்தில் வைத்தால், கரண்ட் போய் வந்ததும் ஹப் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முழு வேகத்தில், வானவில் கலரில் ஆடத் தொடங்கும். காற்று மாதத்தில் எங்களுக்குக் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று இந்த ஹப்பைச் செய்தவனுக்கு யார் சொல்வது?

அப்புறம் நடு ஃபேனில் பியரிங் முனக ஆரம்பித்தது. காலையில் ஆன் செய்ததும் கர்ர் என்று இழுக்கும், சூடானதும் அடங்கிவிடும். இந்த விலைக்கு எண்ணெய்ப் பசையில் சுழலும் ஸ்லீவ் பியரிங்தான் கிடைக்கும். சூட்டில் எண்ணெய் வற்றினால் இப்படித்தான். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கெட்டதை மட்டும் மாற்ற முடியாததுதான் குற்றம். வாங்கிய கடைக்குப் போனால், "அது தனியா வராது அண்ணாச்சி, செட்டாத்தான் எடுக்கணும்" என்கிறார்கள். ஒரு ஃபேனுக்காக மூன்று ஃபேன், ஒரு ஹப், ஒரு ரிமோட். இருக்கிற ரிமோட்டையே என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த இடத்தில் இப்போது ஆர்க்டிக் கம்பெனியின் நான்கு பின் ஃபேன், பி12 பிடபிள்யூஎம் பிஎஸ்டி ஒன்று இருக்கிறது. பின்பக்க ஃபேனையும் எடுத்துவிட்டு அதே ரகம் போட்டேன். விளக்கு கிடையாது, கறுப்பு. வானவிலுக்கு நடுவே முன்பல் விழுந்த மாதிரி இருக்கிறது. ஆனால் இதன் பிளக்கின் பின்னாலேயே அடுத்த ஃபேனைச் செருக இடம் வைத்திருக்கிறான், ஸ்ப்ளிட்டர் தேவையில்லை. போர்டின் ஒரு ஃபேன் முனை பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும், இரண்டும் சேர்ந்தாலும் அதற்கு வெகு கீழே. வேகக் கணக்கு மட்டும் ஒன்றிடமிருந்துதான் வரும். பயாஸில் அந்த முனையை பிடபிள்யூஎம் என்று மாற்றி, சூடு ஏறும்போது வேகமும் ஏறுவது போல வைத்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் கை வைக்கவில்லை. கரண்ட் போய் வந்தாலும் போர்டுக்கு ஞாபகம் இருக்கிறது.

தம்பியிடம் சொன்னது: மார்க் கேட்டால் இந்த செட்டுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன், வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம். "நாலு மார்க் போட்டுட்டு வேண்டாம்ங்கிய?" என்றான். ஆமாம். கேபினெட் பிடித்திருந்தால் எடுக்கட்டும். பின்பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லி, ஃபேன் ஒயர் மூன்று பின்னிலோ நான்கு பின்னிலோ முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும். விளக்கு ஒயரைத் தனியாகப் பார்க்க வேண்டும். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் முனையில் கொடுத்தால் அன்றோடு போயிற்று.

செட்டில் மீதி இரண்டும் இன்னும் ஒரு முனகல் இல்லாமல் ஓடுகின்றன. அவையும் கெட்டுத் தொலைந்தால் ஹப்பைப் பிடுங்கி எறியலாம் என்று பார்க்கிறேன், மசிவதாகத் தெரியவில்லை.