ஷெட் மேல் 20 கிலோவாட்: சோலார் போட்டுக் கொடுத்தவர்களுக்கு என் மார்க்

கோவை கணபதியில் எங்களுடையது சின்ன லேத் பட்டறை. கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் இரண்டு, நாலு பழைய லேத், ஒரு கம்ப்ரசர். நானும் தம்பியும் பார்ட்னர்கள். 2025 ஆகஸ்டில் ஷெட் கூரைமேல் 36 பேனல், ஏறக்குறைய 20 கிலோவாட் சோலார் ஏற்றினோம். வரி சேர்க்காமல் பத்து லட்சம் ஆனது. போட்டுக் கொடுத்தது உள்ளூர் ஒப்பந்தக்காரர். பெயர் சொல்லப்போவதில்லை, திட்டவும் போகிறேன் என்பதால்.

முதலில் திட்டு. கொட்டேஷன் கொண்டுவந்த பையன், "மானியம் 78,000 கழிச்சுத்தாங்ணா ரேட் போட்டிருக்கேன்" என்றான். சந்தோஷமாக ஆடிட்டருக்கு அனுப்பினேன். அவர் சிரித்துவிட்டார். 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டம் வீடுகளுக்கு மட்டும்தான். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய், அதுவும் வீட்டு இணைப்புக்கு. பட்டறைக்குக் கையில் காசாக எதுவும் வராது. நமக்குக் கிடைப்பது தேய்மானச் சலுகை, அதாவது மெஷின் விலையில் ஒரு பங்கை வருடாவருடம் லாபத்தில் கழித்துக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்வது. மற்ற மெஷினுக்கெல்லாம் பொதுவாக வருடம் 15 சதவீதம் கழிக்கலாம், சோலாருக்கு 40. (2017 மார்ச் வரை அது 80 ஆக இருந்தது. அப்போதே போட்டிருக்கலாம், கையில் பணம் இல்லை.)

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. லாபம் இருந்து, வரி கட்டினால்தான் இது சலுகை. பக்கத்து பட்டறை அண்ணன் விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் உத்தேச வரி முறையில் இருக்கிறார். அந்த முறையில் தேய்மானம் ஏற்கனவே கழித்ததாகத்தான் கணக்கு, தனியாகக் கேட்க முடியாது. ஆனால் அதே பையன் அவரிடமும் போய், "வரியில பாதி மிச்சமுங்ணா" என்று சொல்லியிருக்கிறான்!

இரண்டாவது திட்டு தாமதத்துக்கு. எங்கள் இ.பி. இணைப்பு இன்னும் அப்பா பெயரில்தான் இருந்தது. அதைப் பார்க்காமல் நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். அது திரும்பி வந்து, பெயர் மாற்றி, மறுபடி போட்டு, மீட்டர் மாட்டி முடிக்கும்போது அக்டோபர் 24. செப்டம்பர் முழுக்கப் பேனல் வெயில் காய்ந்துகொண்டு சும்மா கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த வருடத் தேய்மானம் பாதிதான். அக்டோபர் முதல் வாரத்தோடு அந்த வாசல் மூடிவிடும். நாங்கள் மூன்று வாரத்தில் கோட்டை விட்டோம். 4 லட்சம் கழிக்க வேண்டிய இடத்தில் 2 லட்சம். எங்கள் 30 சதவீத வரிக்கு இந்த வருடம் 60,000 ரூபாய் வித்தியாசம். மீதியை வரும் வருடங்களில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், மார்ச்சில் அந்தப் பணம் இருந்தால் ஒரு மாத போனஸ் போல இருந்திருக்கும்.

ஜி.எஸ்.டி.யிலும் எங்கள் ராசி அப்படித்தான். பில் ஆகஸ்டில் போட்டதால் கருவி, மாட்டும் வேலை எல்லாம் சேர்த்து மொத்தத்துக்கு 13.8 சதவீதம். செப்டம்பர் 22-லிருந்து சோலார் கருவிக்கு 12 என்பது 5 ஆனதில் அது 8.9 ஆகிவிட்டது. நாங்கள் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை, விற்கும்போது கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வதால் இதில் நஷ்டம் இல்லை, கொஞ்ச நாள் பணம் முடங்கியது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போட்டவர்களுக்குத்தான் வயிறு எரிந்திருக்கும்.

சரி, வேலை எப்படி? நன்றாகவே செய்தார்கள். பேனல் வரிசை நேர்க்கோடு, ஒயர் எல்லாம் குழாய்க்குள், எர்த்திங் தனிக் குழி. ஐப்பசி மழையில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டை வழியாக சரியாக சி.என்.சி. தலைமேல் சொட்டியது. காலையில் போன் செய்தேன், மதியம் ஆள் வந்து வாஷர் மாற்றி அடைத்துவிட்டுப் போனார். காசு கேட்கவில்லை. வெயில் நாளில் 80 யூனிட் வருகிறது, மழை மாதத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அவர்கள் சொல்லாமல் விட்டது இன்னும் இரண்டு. கரண்ட் போனால், பேனல் கரண்டை நம் லைனுக்கு மாற்றித் தரும் இந்த சோலார் இன்வர்ட்டரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்று அப்படித்தான் செய்திருக்கிறார்கள். "கரண்ட் போனாலும் ஓடுமுங்ணா" என்றது சுத்தப் பொய். அடுத்தது நெட்வொர்க் கட்டணம். நம் கூரையில் தயாரித்து நாமே செலவழிக்கும் யூனிட்டுக்கும் மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டும். 2021-ல் எங்களுடையது போன்ற குறைந்த அழுத்த இணைப்புக்கு யூனிட்டுக்கு 1.27 ரூபாய் என்று ஆரம்பித்தது. கோவை, திருப்பூர்ப் பக்கம் சிறுதொழில்காரர்கள் கத்திக் கத்தி 2023-ல் நமக்கு மட்டும் பாதியாகக் குறைத்தார்கள். கொட்டேஷனில் "ஐந்து வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும்" என்ற கணக்கில் இந்தக் கட்டணம் இல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகி வெளியே போகும் கரண்டுக்கு நாம் வாங்கும் விலையில் பாதிகூடக் கிடைக்காது என்பதும் இல்லை.

மார்க் என்றால், மேலே ஏறிய ஆட்களுக்கு பத்துக்கு எட்டு. விற்க வந்த பையனுக்கு மூன்று. சின்ன ஷெட்டுக்கும் போட வேண்டும் என்று தம்பி சொல்கிறான். இவர்களையேதான் கூப்பிடப்போகிறோம், ஆனால் ஏப்ரலில். அதற்குள் அந்த இணைப்பையும் அப்பா பெயரிலிருந்து மாற்றிவிட வேண்டும்.